வெற்றிலை மையில் தெரிந்த வெள்ளை

முதலில் நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் கையெழுத்து கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். சின்ன ர வர வேண்டிய இடத்தில் பெரிய ற போட்டிருப்பேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடம் எனக்கு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் எழுதியதெல்லாம் தீவன மூட்டை மேல் சுண்ணாம்பால் எழுதியதுதான். மகள் திருத்தித் தருகிறேன் என்றாள். இந்த விஷயத்தைப் பெற்ற மகளிடம் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. பிழையோடேயே படித்துக்கொள்ளுங்கள்.

என் சோட்டு, என் வயசு ஆட்களுக்காகத்தான் எழுதுகிறேன். போன வைகாசியில் ஒரு காதுகுத்துச் சீரில் பந்திக்குக் காத்திருந்தபோது நீங்கள் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்டீர்கள். "பஸ்ல ஸ்டாப்பிங் தாண்டிப் போனாக்கூட நிறுத்துங்கன்னு சொல்லாம, அடுத்த ஊர்ல எறங்கி நடந்து வர்றவன் நீ. நீ எப்படிடா சபைல பேசிப் பொண்ணுக் கேட்ட?" நான் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். யாரைக் கட்டினேன் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படி என்பது தெரியாது. இப்போது சொல்கிறேன். நினைத்தாலே இன்றைக்கும் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்கிறது, சந்தோஷத்தில்.

எனக்குப் பதினாறு வயது இருக்கும். தோட்டத்துக் கிணறுகளுக்கு மோட்டார் வந்த புதுசு. ஆட்டையாம்பட்டிக்கு மேற்கே எங்கள் தோட்டம். வரப்பைத் தாண்டினால் அத்தை வீட்டுத் தோட்டம். அத்தை என்றால் அப்பாவின் தங்கை. அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் எனக்கு மச்சான். இளம்பிள்ளைக்குத் தறி ஓட்டப் போய்க்கொண்டிருந்தான். தறிச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசி, வீட்டுக்கு வந்தாலும் கத்தித்தான் பேசுவான். மகள் என்னைவிட ஒரு வயது சின்னவள். முறைக்கு என்னை மாமா என்று கூப்பிட வேண்டும். அவள் 'ஊமைக் கோட்டான்' என்று கூப்பிட்டாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

அந்தச் சித்திரையில் அத்தை வீட்டுச் செவலைக் காளை காணாமல் போனது. கயிற்றை அறுத்துக்கொண்டு போனதா, யாராவது பிடித்துப் போனார்களா தெரியவில்லை. மாமா சைக்கிளில் சந்தை சந்தையாகத் தேடி, உதடு வெடித்துத் திரும்பி வந்தார். கடைசியில் மை போட்டுப் பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டி வந்தார்.

மைக்காரர் ஒல்லியாக இருந்தார். மடியிலிருந்து பித்தளைச் சிமிழ் ஒன்றை எடுத்துத் திறந்தார். விளக்கெண்ணெயும் பச்சைக் கற்பூரமும் ஏதோ கருகியதும் கலந்த ஒரு வாசனை வந்தது. அந்த வாசனையை அதற்கப்புறம் வேறெங்கும் நான் முகர்ந்ததில்லை. வெற்றிலையில் மையைத் தடவினார். எருமைக் கண் மாதிரி பளபளவென்று இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க. கால் முன்னால வந்து பொறந்தவங்க கண்ணுக்குத்தான் தெரியும். அப்படி யாராச்சும் இருக்கறாங்களா?"

"நம்ம புள்ளையே அப்படித்தானுங்க" என்றார் அத்தை. "என்னையப் பாதி கொன்னுபோட்டுத்தான் வெளிய வந்தா."

அவளைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தார்கள். தலையில் ஈரத் துணி. கையில் வெற்றிலை.

"மொதல்ல ஒருத்தன் வந்து வாசல் கூட்டுவான், பாரு சாமி. அப்புறம் ஒருத்தன் தண்ணி தெளிப்பான். அதுக்கப்பறம் நீ கேக்கறது வரும்."

அவள் வெற்றிலையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சான் கொட்டாவி விட்டான். திடீரென்று, "கூட்டறான்" என்றாள். எனக்கு மயிர்க்கால் எல்லாம் எழுந்து நின்றது. "தண்ணி தெளிக்கறான்... ஒரு கொட்டாயி, ஓலை சரிஞ்சு கெடக்குது... பக்கத்துல கல்லுக்குழி, தண்ணி இருக்குது... படுத்து அசை போட்டுட்டு இருக்குது, மகாராசன் மாதிரி!"

மாமாவும் அப்பாவும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தார்கள். வடக்கே கைவிட்டுப்போன கல்லுக்குழி ஓரம், சரிந்த கொட்டாய் நிழலில் காளை படுத்திருந்தது! பொழுதோடு அதை ஓட்டி வந்தபோது ஊரே எங்கள் வண்டித் தடத்தில் நின்றது. காளையைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார்கள். அவள் பாவாடையை உதறிக்கொண்டு, "எல்லாரும் போய்ச் சோறு தின்னுங்க" என்று விரட்டினாள்.

காளை வெயிலில் அலைந்தால் தண்ணீரும் நிழலும் இருக்கிற இடத்துக்குத்தானே போகும் என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை. தோன்றாமல் போனதும் நல்லதுதான்.

வேலை முடிந்த வெற்றிலையை ஓடுகிற தண்ணீரில் விட வேண்டும் என்று மைக்காரர் சொல்லியிருந்தார். மறுநாள் அந்த வேலையை மச்சானிடம் கொடுத்தார்கள். அவன் அதைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு நேராக எங்கள் மோட்டார் ரூமுக்கு வந்தான். நானும் அவளும் அங்கே பாத்திக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

"காளை எங்க இருக்குதுன்னு காட்டுன மை, நாம எங்க இருக்கப் போறோம்னு காட்டாதா? மாப்ள, கதவைச் சாத்து."

சாத்தினேன். தகரக் கதவு. உச்சி வெயில். உள்ளே கிரீஸ் வாசனையும் ஈர மண் வாசனையும். கதவின் ஆணி ஓட்டைகள் வழியாக வெளிச்சம் ஊசி ஊசியாக விழுந்தது. காதுக்குள் என் நெஞ்சடிப்பு மோட்டார் சத்தத்தைவிடப் பெரிதாகக் கேட்டது.

மச்சான்தான் முதலில் பார்த்தான். கால் முன்னால் பிறக்காதவனுக்குத் தெரியாதே என்று அவள் சொன்னதற்கு, "நான் தறி மிதிச்சு மிதிச்சுக் கால்லயே வாழறவன், எனக்குத் தெரியும்" என்றான். கொஞ்ச நேரத்தில் துள்ளினான். "ஒசரத்துல இருக்கறேன்! கீழ ஆளுங்க எறும்பாட்டம் தெரியறாங்க. அண்ணாந்து என்னையவே பாக்கறாங்க. ஏரோப்ளேன்தான், சந்தேகமே இல்ல!"

பின்னாளில் அவன் கரண்ட் ஆபீசில் வயர்மேன் ஆனான். மழைக்குக் கரண்ட் போனால் ஊரே கம்பத்தடியில் நின்று அவனை அண்ணாந்து பார்த்தது. அவன் மேலேயிருந்து, "ஏரோப்ளேன் லேட்டு, போய்ப் படுங்க" என்று கத்துவான்.

அடுத்து நான் பார்த்தேன். கண் வலிக்கப் பார்த்தேன்.

"என்ன தெரியுது?"

"மூக்கு."

"யார் மூக்கு?"

"என்ற மூக்குதான்."

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "கோட்டானுக்கு எதிர்காலமே மூக்குதான்" என்றாள். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனால் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதனால் நானும் சிரித்தேன்.

பிறகு அவள் வெற்றிலையை வாங்கிக்கொண்டாள். சிரிப்பு மெல்ல மெல்ல அடங்கியது.

"வெள்ளை" என்றாள். "எங்க பாத்தாலும் வெள்ளை. நான் நடுவுல நிக்கறேன். சுத்தியும் வெள்ளை வெள்ளையாக் கூட்டம். சந்தைக் கூட்டமெல்லாம் அதுக்கு முன்னால ஒண்ணுமே இல்ல. எல்லாம் ஒரே சமயத்துல தலையத் தூக்கி என்னையப் பாக்குது."

"நீ என்ன பண்ற?" என்று நான் கேட்டேன்.

"சிரிச்சுட்டு இருக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தையை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலம் மச்சான் சோறு தின்றுகொண்டே கத்திவிட்டான். "அம்மா, உம்புள்ளை பெரிய தலைவி ஆகப் போறா. வெள்ளை வெளேர்னு கூட்டமா இவளைச் சுத்தி நிக்குதாமா!"

அத்தையின் கையில் கரண்டி நின்றுவிட்டது. "வெள்ளையா? உன்ற சீலை என்ன கலர்ல இருந்துச்சு, சாமி?"

"அதுவும் வெளுப்பாத்தான் இருந்துச்சு. ஏன்?"

ஏன் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் தாலியறுத்தவர்கள்தான் வெள்ளைச் சீலை கட்டுவார்கள். கூட்டமாக ஆட்கள் நிற்பது எழவு வீட்டில்தான். காளையைச் சரியாகக் காட்டிய மை பொய் சொல்லுமா? அத்தை கரண்டியைப் போட்டுவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தார். பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் பாம்புதான் கடித்துவிட்டது என்று தீப்பந்தத்தோடு ஓடி வந்தார்கள். வந்தவர்கள் விஷயத்தை எடுத்துக்கொண்டு போனார்கள்.

எங்கள் கோழிப் பண்ணைக்கு வந்திருக்கிறவர்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பீர்கள். காலையில் அவள் செட்டுக்குள் கால் வைத்ததும் கொக்கொக்கென்று ஒரு சத்தம், பிறகு ஒரே நேரத்தில் அத்தனை வெள்ளைத் தலையும் மேலே எழும். தவிட்டுத் தூசியில் அவள் சீலையும் வெளுத்துப் போயிருக்கும். அவள் நடுவில் நின்று சிரிப்பாள். ஆனால் அன்றைக்கு எங்களில் யார் அதைக் கண்டோம்? ஊரில் கோழி என்றால் கூடைக்குள் கவிழ்த்து வைக்கிற நாட்டுக் கோழி. நாமக்கல் பக்கம் யாரோ செட்டுப் போட்டுக் கோழி வளர்க்கிறார்களாம் என்று சொன்னால், பைத்தியக்காரர்கள் என்று சிரித்த காலம்.

ராசிபுரம் பக்கம் ஒரு மாப்பிள்ளை வீட்டில் அவளுக்கு ஆவணியில் தேதி பார்த்திருந்தார்கள். அவர்கள் வந்து, காபிகூடக் குடிக்காமல், "சாதகத்தை இன்னொருக்கா பாத்தமுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பையனை அவள் ஒரே ஒரு தரம் பார்த்திருந்தாள். "காது பெருசு" என்றாள். அதோடு அது முடிந்தது.

முடியாதது வேறு. ஊரில் ஒரு புது வீட்டுப் பால்காய்ச்சுக்குப் போனோம். அவள் பால் சொம்போடு படியேறியபோது ஒரு பெரியம்மா வந்து சொம்பை இதமாக வாங்கிக்கொண்டார். "உள்ள பொகையா இருக்குது சாமி. நீ வெளிய காத்தாட நில்லு." எத்தனை அன்பான குரல்! அவள் வெளியே நின்றாள். நானும் வெளியே நின்றேன். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருக்கிறவள் அன்று ஒன்றும் சொல்லாமல் வேப்பங்காயைக் காலால் நசுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

முறைப்படி தாய்மாமன் வீட்டில்தான் முதலில் கேட்க வேண்டும். தாய்மாமன் என்றால் என் அப்பா. ராசிபுரத்துக்கு முன்னாலேயே கேட்டிருந்தார்களாம். "வாயில்லாப் பையனுங்க, அவனுக்கென்ன கல்யாணம்" என்று அப்பா சொல்லிவிட்டார். மைக்கு அப்புறம் அத்தை மறுபடி ஜாடையாகக் கேட்டபோது, "ஒத்தைப் பையன் அம்மணி, எனக்கு வேற இல்ல" என்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். இரண்டு முறையும் நான் மாடு கட்டும் தொண்டுபட்டியில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்ன சொல்லியிருப்பேன்?

மாமா யோசித்தார். அவர் நல்ல விவசாயி. எந்தக் காட்டில் எதை விதைத்தால் நட்டம் குறையும் என்று கணக்குப் பார்க்கிறவர். அதே கணக்கில் இதையும் பார்த்தார். "கட்டறவன் போயிருவான்னு மை சொல்லுது. போகட்டும். எப்படியும் போற வயசுல இருக்கறவருக்கே குடுத்துட்டா யாருக்கு நட்டம்?"

இதைக் கேட்டு யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஆளும் கிடைத்தார். கொண்டப்பநாயக்கன்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருந்தவர். சம்சாரம் தவறிப்போய்ப் பிள்ளைகள் இல்லாதவர். மாமாவைவிடப் பெரியவர். பெண் தருகிறோம் என்று சொன்னார்கள், ஏன் தருகிறோம் என்று சொல்லவில்லை. அவர் மகிழ்ந்துபோய் ஒரு கூடை மாம்பழம் அனுப்பினார். வைக்கோலைப் பிரித்ததும் வாசனை வரப்பைத் தாண்டி எங்கள் வீடு வரைக்கும் வந்தது.

"மாப்பிள்ளையும் பழுத்துட்டாரு, பழமும் பழுத்துப்போச்சு" என்றான் மச்சான். யாரும் சிரிக்காததால் அவனே ஒரு பழத்தை எடுத்துக் கடித்தான். கடித்துக்கொண்டே அழுதான். விஷயத்தைக் கத்தியது அவன்தானே.

வாய்க்கால் ஓரத்தில் அவளைப் பார்த்தேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று போனேன். எருமையிடம் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். எருமை நன்றாகக் கேட்டுக்கொண்டது. அவளிடம் வந்ததும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"என்ன?"

"மாம்பழம் நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கொட்டைய நட்டு வை. நீ பேசறதுக்குள்ள மரமாயிரும்."

ஆனியில் குலசாமி கோயிலில் பூக் கேட்கப் போனோம். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் கட்டிச் சாமி முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் காரியத்தைச் செய். சிவப்பு வந்தால் விட்டுவிடு. எங்கள் ஆட்கள் கிணறு வெட்டுவதிலிருந்து கல்யாணம் வரைக்கும் இதைக் கேட்காமல் செய்வதில்லை.

மாந்தோப்புக்காரர் சலவை வேட்டியில் வந்திருந்தார். மீசைக்குக் கறுப்புச் சாயம் போட்டிருந்தார். வேர்வையில் அது கன்னத்தில் கோடாக இறங்கியிருந்தது. பார்க்கிற எல்லாருக்கும் கும்பிடு போட்டார். எனக்கும் போட்டார். நல்ல மனுஷன். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

'செவப்பு, செவப்பு' என்று உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தேன். குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்தது. பூசாரி பிரித்தார்.

வெள்ளை.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். மாமா பெருமூச்சு விட்டார். தூணோரம் நின்றவள்தான் பேசினாள்.

"நல்லா இருக்குது. மைல வெள்ளைன்னா தாலியறுப்பு. பூவுல வெள்ளைன்னா தாலி கட்டு. வெள்ளைக்கு நீங்க வெக்கறதுதான் அர்த்தமா?"

"வாய மூடு" என்றார் மாமா.

அவள் வாய் மூடிவிட்டது. மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேசத் தெரிந்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். அந்த அமைதியில் ஒரு குரல் கேட்டது. "வேண்டாமுங்க."

பூசாரி குழந்தையைத் திரும்பிப் பார்த்தார், அதுதான் பேசிற்று என்று நினைத்து. நான்தான் பேசியிருந்தேன். ஒரு தரம் திறந்த வாய் மூட மாட்டேன் என்றது.

"அந்தப் பெரியவரைச் சாகக் குடுக்காதீங்க மாமா. அவரு பாவமுங்க. நானே செத்துக்கறேன். எனக்குக் குடுங்க!"

"என்னது?" என்றார் மாந்தோப்புக்காரர். "யாரு யாரைச் சாகக் குடுக்கறது?"

"சின்னப் பையன், ஒளர்றானுங்க" என்று மாமா நடுவில் வந்தார்.

"நீங்க நவுருங்க. நீ சொல்லு சாமி."

ஒரே மூச்சில் சொன்னேன். காளை, மை, வெள்ளைச் சீலை, போகிற வயசு, எல்லாம். கேட்கக் கேட்க அவர் கண் விரிந்துகொண்டே போனது. மேல்துண்டை எடுத்து உதறித் தோளில் போட்டார்.

"போன ஐப்பசிலதானுங்க புதுசா மாங்கன்னு வெச்சேன். அது காய்ச்சு, நான் தின்னுபோட்டு, அதுக்கப்பறம்தான் போறதைப் பத்தி யோசனை. வாரேனுங்க." செருப்பைத் தேடினார். ஒன்று கிடைக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு ரோட்டைப் பார்த்து அவர் நடந்த வேகத்தில் இளவட்டம்கூட நடக்க முடியாது!

அப்பா என் சட்டையைப் பிடித்தார். "கெரகம் புடிச்சவனே, நீ செத்துருவடா!"

"நானும் மைல பாத்தனுங்கப்பா. சாவெல்லாம் ஒண்ணும் தெரியல. என்ற மூக்குதான் தெரிஞ்சுது."

முதலில் பூசாரி சிரித்தார். சாமி முன்னால் சிரிக்கக் கூடாதென்று வாயைப் பொத்தினார், முடியவில்லை. பிறகு மச்சான். பிறகு, அழுதுகொண்டே, அத்தை. அப்பாவின் கை என் சட்டையிலிருந்து தளர்ந்தது.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, "அப்ப நெசமாவே கட்டிக்கறயா?" என்றார்.

எல்லார் கண்ணும் என் மேல். நாக்கு பழையபடி மேலே ஒட்டிக்கொண்டது. கையிருப்பு வார்த்தையெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. நின்றேன். வேர்த்தது. என் கதை அங்கேயே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

"அங்க என்ன பாக்கறீங்க?" தூணோரத்துக் குரல். "காதுக்காரனுக்குக் குடுத்தீங்க, மாந்தோப்புக்குக் குடுத்தீங்க, இப்ப இவனைக் கேக்கறீங்க. வாழப் போறவ நானு. என்னைய ஒரு வார்த்தை யாராச்சும் கேட்டீங்களா?"

அப்போது அத்தை எழுந்து போய் அவள் முன்னால் நின்றார். வாழ்க்கையில் முதல் தரமாக மகளிடம் கேட்டார்.

"சரி. நீ சொல்லு சாமி. என்ன பண்ணலாம்?"

அவள் என்னை நெற்றியிலிருந்து கால் வரைக்கும், அவசரமே இல்லாமல், சந்தையில் காளை பிடிக்கிற மாதிரி பார்த்தாள். பல்லைப் பார்க்காததுதான் பாக்கி. அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை. அவள் சொல்லப் போவது ஆமாமோ இல்லையோ, அது அவள் சொல்வதாக இருக்கும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

பாவாடையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு நடந்தாள். அத்தனை பெரியவர்களும் ஒதுங்கி வழி விட்டார்கள்.

யோசித்து முடிக்க அவளுக்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது. ஒவ்வொரு நாளும் இன்றைக்குச் சொல்வாள் என்று விடிந்தது.

எழுதி முடித்தது ஆவணி ஆறாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத் தீவனம் வைத்த பிறகு.